எண்ணெயை மாற்றினோம், கார் கேட்கவில்லை

பல்லடம் பக்கம் ஒரு காட்டில், செம்மண்ணைக் குவித்து நாங்கள் அமைத்த தடத்தில் பெரிய மேடு ஒன்று உண்டு. ரிமோட் பந்தயக் கார் அதில் ஏறிப் பறந்து இறங்கும்போதெல்லாம் வயிறு தரையில் அடித்தது. ஷாக் அப்சார்பரில் இருந்த 550 எண் (எண் ஏற ஏறக் கெட்டி) சிலிகான் எண்ணெயை வடித்துவிட்டு, கெட்டியான 700-ஐ ஊற்றினோம். வயிறு அடிப்பது நிற்கவில்லை. போதாக்குறைக்கு, சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் சக்கரம் மண்ணில் பதியாமல் தத்தித் தத்திப் போனது.

ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும். வாங்கியதை உடனே திருப்பியும் கொடுத்துவிடும். அந்தத் துள்ளலை அடக்குவது எண்ணெய். அதில் மூழ்கிய பிஸ்டன் தட்டு, தன் துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டுதான் நகர முடியும். துள்ளலின் ஆற்றல் அங்கே வெப்பமாகிறது.

பிஸ்டன் மெதுவாக நகரும்போது, உதாரணமாக வளைவில் கார் சாயும்போது, எண்ணெய் சீராக ஓடும். அப்போது எதிர்ப்பைத் தீர்மானிப்பது பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை. மேட்டிலிருந்து விழும்போதோ எண்ணெய் துளைக்குள் சீறிச் சுழல்கிறது. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதில் பேசுவது துளையின் அளவும் எண்ணெயின் அடர்த்தியும். 550 ஆனாலும் 700 ஆனாலும் சிலிகான் எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான், தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு. எங்கள் காசு போன இடம் இதுதான்.

துளையில் கை வைத்தால் கதை வேறு. 1.4 மி.மீ. துளையை 1.2 ஆக்கினால் இரண்டு வகை எதிர்ப்பும் சுமார் 1.85 மடங்காகும், விட்டத்தின் நான்காம் அடுக்கு செய்யும் வேலை. பிறகு எண்ணெயை இளக்கி, மெதுவான அசைவின் எதிர்ப்பை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். கணக்குப்படி 550-க்குப் பதில் 300 போதும். ஆனால் தட்டு மெல்லியது, விளிம்பிலும் எண்ணெய் நழுவும்; அதனால் கணக்கு அப்படியே பொருந்தாது. தடத்தில் ஓட்டிப் பார்த்து 400-இல் நிறுத்தினோம். வயிறு அடிப்பது நின்றது. (குண்டும் குழியுமான தடத்தில் இது எதிர்மாறாகும்: சக்கரம் சட்டென்று மேலேற முடியாமல் திணறும். அங்கே பெரிய துளையும் கெட்டி எண்ணெயும்தான்.)

துளையில்லாத தட்டுகளைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துத் துளைத்தோம். முதல் தட்டில் பிசிறு எடுக்க மறந்துவிட்டோம். ஒரு பக்க ஷாக் மட்டும் முரண்டு பிடித்தது. மயிரிழைப் பிசிறும் 1.2 மி.மீ. துளைக்குப் பெரிய அடைப்பு.

கடைசி வில்லன் காற்று. பம்புசெட்டில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும், இங்கும் அப்படித்தான். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. எண்ணெயை நிரப்பி, பிஸ்டனை நிதானமாக மேலும் கீழும் இழுத்து, குமிழிகள் ஏறி உடையும்வரை ஷாக்கை நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்கள் ஷாக்கில் மூடியைத் திருகும்போது ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் வழியும். வழியவில்லையென்றால் திரும்பவும் கழற்றுவோம்.