வியர்வை காயுமா? சிங்கப்பூரும் ஒவாஹுவும்

ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் சிங்கப்பூரிலும், ஹவாயின் ஒவாஹு தீவிலுள்ள ஹொனலுலுவிலும் வெப்பமானி ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும்: 31, 32 டிகிரி செல்சியஸ். ஆனால் சிங்கப்பூரில் சிறிது தூரம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஹொனலுலுவில் நிழலில் ஒதுங்கினால் போதும், உடம்பு ஆறிவிடுகிறது. இரண்டில் அதுவே இனிமையானது என்பேன்.

வித்தியாசம் வியர்வை காய்வதில் இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். காயாமல் வழிந்து சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது ஆவியாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்றில் நீராவி குறைவாக இருக்க வேண்டும். அந்தக் காற்று நகரவும் வேண்டும்.

வானிலை அறிக்கைகள் சொல்லும் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு, இங்கே அதிகம் உதவாது. சிங்கப்பூரில் விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும் அது, பிற்பகலில் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நீராவி குறைந்ததால் அல்ல, காற்று சூடானதால். பனிநிலையைப் பார்ப்பதே நல்லது. எந்த வெப்பநிலைவரை குளிர்வித்தால் காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. 16 டிகிரிக்குக் கீழே என்றால் சுகம். 21-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு. சிங்கப்பூரில் அது ஆண்டு முழுவதும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஹொனலுலுவின் ஆண்டுச் சராசரி 19, 20 டிகிரி அளவில்தான். நான்கைந்து டிகிரி சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6, 7 சதவீத நீராவி கூடுகிறது. அப்படியானால் சிங்கப்பூர்க் காற்றில் கால் பங்குக்கும் மேல் கூடுதல் நீராவி!

அவ்வளவு நீராவி எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 1.3 டிகிரியில் இருக்கும் சிங்கப்பூரைச் சுற்றிய கடல் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பானது. அங்கே காற்று மேலெழும்பும் போக்குடையது. தரையோரம் வீச்சு பலவீனம். போதாததற்குக் காற்றைத் தடுக்க ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலாய் தீபகற்பம். எழும்பிய ஈரக்காற்று பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுகிறது. ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காது. என்னைக் கேட்டால், பகல் வெயிலைவிட இந்த ஆறாத இரவுகள்தான் உடம்பைச் சோர்வாக்குகின்றன.

ஒவாஹு 21 டிகிரி வடக்கில், பசிபிக்கின் நடுவே, தடுக்க ஒரு நிலப்பரப்பும் இல்லாமல் கிடக்கிறது. அதன் வடகிழக்கே பெருங்கடல்மேல் நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து, பெரும்பாலும் ஒரே திசையில் சீராக வீசும் வியாபாரக் காற்று (trade wind) புறப்படுகிறது. குளிர்ந்த நீர்மேல் தவழ்ந்து வருவதால் அது சுமக்கும் நீராவி குறைவு. மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூடியாக அமர்ந்து, மேகங்கள் இடிமேகங்களாக வளராமல் தடுக்கிறது.

ஆனாலும் அதே தீவுக்குள் கோலாவ் மலைத்தொடரை ஒட்டிய மானோவா பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, ஹொனலுலு விமான நிலையத்தில் 500-ஐக்கூட எட்டுவதில்லை. நான் இனிமையானது என்று சொல்வது மலைக்குப் பின்னால் ஒதுங்கிய அந்தத் தெற்குக் கரையைத்தான்.

காற்று மாறினால் இந்தத் தீர்ப்பும் மாறும். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது சிங்கப்பூரில் சில நாட்கள் 22, 23 டிகிரிக்கு இறங்கி, மழையோடு இதமாகிவிடும். ஒவாஹுவில் வியாபாரக் காற்று ஓய்ந்து தெற்கிலிருந்து கோனா காற்று வரும் நாட்களிலோ, அங்கும் சட்டை முதுகில் ஒட்டும். ஹொனலுலுவில் வடகிழக்கு வியாபாரக் காற்று வீசும் நாட்கள் 1973-இல் ஆண்டுக்குச் சுமார் 290 ஆக இருந்து, 2009-இல் 210 ஆகக் குறைந்ததாக ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.