பச்சைப் புல் இருக்க, மாட்டை ஏன் கட்ட வேண்டும்?

மாதவரம் பால்பண்ணைப் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் தங்கை மகன் அயர்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அக்டோபர் வந்ததும் முதலாளி மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாக மூட ஆரம்பித்துவிடுகிறாராம். உள்ளே புல் பச்சைப்பசேலென்று வளர்கிறது, போட்டோ அனுப்பினான். நாங்கள் இங்கே ஒரு கட்டுப் புல்லுக்கு அலைகிறோம். அங்கே புல்லைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு மாட்டை விடமாட்டேன் என்கிறார்களே, ஏன்?”

அந்த முதலாளி அக்டோபரில் பாதுகாப்பது அக்டோபர் புல்லை அல்ல, பிப்ரவரி புல்லை.

குளிர் பற்றிய பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அங்குள்ள ரைகிராஸ் புல் ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடும். மழையில் ஊறிய நிலத்தில் அரை டன் எடையுள்ள மாடு நடந்தால் குளம்பு புல்லை வேரோடு சேற்றில் மிதித்துவிடும். அதனால் நவம்பர் வாக்கில் மாடுகள் கொட்டகைக்குள் போகும். கோடையில் அறுத்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்த ஊறுகாய்ப் புல்தான் குளிர்காலச் சாப்பாடு. பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலான பசுக்கள் கன்று ஈனும். பால் மடை திறக்கிற அந்த நேரத்தில் வெளியே புல் தயாராக இருக்க வேண்டும். மேயும் புல்லைவிட மலிவான தீவனம் அந்த நாட்டில் கிடையாது.

அந்நாட்டின் வேளாண் ஆராய்ச்சி அமைப்பான சாகஸ்க் சொல்லும் கணக்கு இது: அக்டோபர் 10 வாக்கில் மூடத் தொடங்க வேண்டும், நவம்பர் தொடக்கத்துக்குள் நிலத்தில் 60 சதவீதம் மூடியிருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் வசந்தகாலத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 15 கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய புல்லின் எடை) குறையும். பத்து நாள் சோம்பல் பட்டால் 150 கிலோ. கொட்டகைக்குப் பக்கத்திலுள்ள, தண்ணீர் தேங்காத துண்டுகளைத்தான் முதலில் மூடுவார்கள். கன்று ஈன்ற மாடு முதலில் கால் வைக்கப்போவது அங்கேதான்.

இந்த 15 கிலோ எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

மரம், செடியெல்லாம் நுனியில் வளரும். புல்லின் குருத்து தரையை ஒட்டி, இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கும். இதை நீங்களே பார்க்கலாம். மதிலோரம் கொத்தாக முளைத்த புல் ஒன்றில், நடுவில் நீளும் இளம் இலையின் நுனியைக் கத்தரித்துவிட்டு, இலையில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு புள்ளி வையுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். நுனி மொட்டையாகவே இருக்கும். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளியும் மாறியிருக்காது. ஆனால் இரண்டு புள்ளியும் சேர்ந்து மேலே ஏறியிருக்கும், அடியிலிருந்து இலை தள்ளப்பட்டு வருவதால். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் அறுக்கும். அடியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தப்பிவிடும். குருத்தும் அங்கே, அடுத்த இலையை உருவாக்கத் தேவையான சர்க்கரைச் சேமிப்பும் அங்கே.

ரைகிராஸின் ஒரு தூரில், அதாவது அடியிலிருந்து கிளைத்த ஒரு முளையில், ஒரே நேரத்தில் மூன்று உயிருள்ள இலைதான் இருக்கும். மாநகரப் பேருந்தில் மூவர் இருக்கை மாதிரி: நான்காவது ஆள் உட்கார முதல் ஆள் எழுந்தாக வேண்டும். நான்காவது இலை வந்ததும் முதல் இலை மஞ்சளாகிச் சாகும். மேய்ந்தபின் வரும் முதல் இலை பெரும்பாலும் சேமிப்பைச் செலவழித்து வருவது. இரண்டாவது, மூன்றாவது இலை வரும்போதுதான் செலவழித்தது திரும்பச் சேரும். அதற்குள் மாடு மறுபடி கடித்தால் புல் நொடித்துப்போகும். மூன்றைத் தாண்டவிட்டால் தீனி வீண். கோடையில் ஒரு இலைக்கு ஏறத்தாழ ஒரு வாரம், ஆக 21 நாளில் மாடு திரும்பி வரலாம். அக்டோபரில் ஒரு இலைக்கே இரண்டு வாரமாகும். நடுக்குளிரில் ஒரு மாதம்கூட ஆகும். இப்போது கணக்குப் போடுங்கள். அக்டோபர் 10-இல் மூடிய துண்டு மூன்று இலையோடு வசந்தத்தைப் பார்க்கும். நவம்பர் கடைசியில் கடிபட்டது ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு தடுமாறும்.

அப்படியானால் செப்டம்பரிலேயே மூடிவிட்டால் என்ன? புல் முழங்கால் உயரம் வளரட்டுமே? இங்கேதான் வெளிச்சம் வருகிறது.

தூரின் அடியில் பக்கமொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு புதுத் தூர் ஆகலாம். எழுவதா வேண்டாமா என்று அது முடிவெடுப்பது வெளிச்சத்தின் நிறத்தை வைத்து. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். அடர்ந்த புல்லின் அடியில் இருக்கும் மொட்டுக்குக் கிடைப்பது சிவப்பு வடிகட்டப்பட்ட வெளிச்சம். மேலே கூட்டம், இப்போது எழுந்து பயனில்லை என்று அது கிடந்துவிடும். மாடு வந்து மேல்புல்லை அறுத்ததும் நேர் வெயில் அடிவரை விழுகிறது, சிவப்பு வந்து சேர்கிறது, மொட்டு விழிக்கிறது. கடி என்று ஒன்று நடந்தது மொட்டுக்குத் தெரியாது. நிறம் மாறியது மட்டும்தான் தெரியும்! மூடுவதற்கு முன் கடைசி முறை மாட்டை விட்டு நான்கு சென்டிமீட்டர் வரை ஒட்ட மேயவிடுவது இதற்காகத்தான். மேயாமல் விட்ட புல் தன் நிழலிலேயே அடியிலையை அழுகவிட்டு, தூர் குறைந்து, வழுக்கையாக வசந்தத்துக்கு வந்து சேரும்.

நிறம் பார்க்கும் இந்தப் பொருளின் பெயர் ஃபைட்டோகுரோம். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்டூஸ் கீரை விதைகளுக்கு மாற்றி மாற்றிச் சிவப்பும் தொலைசிவப்பும் காட்டினார்கள். கடைசியாகச் சிவப்பு காட்டினால் விதை முளைத்தது. தொலைசிவப்பில் முடித்தால் முளைக்கவில்லை. 1952-இல் வெளியான முடிவு இது. கீரை விதைக்கு விளக்குப் போட்டு அணைக்கப் பணம் வேண்டும் என்று இன்று நம்மூரில் ஒருவர் விண்ணப்பித்தால் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று யோசிக்கிறேன். நம் கொழுக்கட்டைப் புல்லுக்கும் அருகுக்கும் எத்தனை இலைக்கு ஒருமுறை மாட்டை விடலாம் என்று கணக்கெடுக்கக்கூட இவ்வளவு பொறுமையான பணம் வேண்டும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவதற்குச் செலவில்லை.

சரி, மாதவரத்துக்கு வருவோம். நமக்குக் கொட்டகைக் காலம் பனியில் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் போட்டிருந்தால் கவனியுங்கள்: அதன் குருத்து தண்டோடு மேலே ஏறிவிடும் ரகம். அறுத்தால் குருத்தும் போய்விடும். அடிமொட்டுகளை நம்பித்தான் மறுதாம்பு, அதாவது அறுத்தபின் வரும் மறுவளர்ச்சி. எனவே அடிவரை வெளிச்சம் விழும்படி தாழ அறுங்கள். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தண்ணீர் தேங்கினால் அதற்கு ஆகாது, வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஏரிக்கரைச் சேற்றில் மேயவிட்டால் நத்தை வழியாகத் தட்டைப்புழு தொற்றும், ஆகவே குடற்புழு மருந்தை மழைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

பச்சையிலிருந்து வைக்கோலுக்கும் அடர்தீவனத்துக்கும் ஒரே நாளில் தாவாதீர்கள். மாட்டின் முதல் இரைப்பையில் தீனியைச் செரிப்பது நுண்ணுயிர்கள். புதுத் தீனிக்கு ஏற்றபடி அந்தக் கூட்டம் மாற இரண்டு, மூன்று வாரம் ஆகும். மாட்டைக் கட்டிப்போட்ட வாரத்தில் பால் இறங்கியதும் “கண்ணு பட்டுடுச்சு” என்று கொம்பில் எலுமிச்சம்பழம் கட்டுவதை வடசென்னையில் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். மூன்றாவது வாரம் பால் தானாக ஏறும், பெயர் பழத்துக்குப் போகும். ஏறாவிட்டால், பால்பண்ணையிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.