மடைமாற்று: ஒலிக்கும் ஒரு மடை உண்டு

கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்போனைச் செருகுகிறோம். சத்தம் இன்னும் ஸ்பீக்கரிலேயே வருகிறது. அமைப்புகளுக்குள் போய், ‘அவுட்புட்’ என்று இருக்கும் இடத்தில் ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஒலி வெளியீட்டுச் சாதனத்தை மாற்றுதல்’ என்று எழுதலாம். அதில் பிழை இல்லை. ஆனால் பேச்சில் அது யார் வாயிலும் நிற்காது; என்ன நடக்கிறது என்பதும் அதில் தெரியாது. ‘வெளியீடு’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது புத்தகம்தான். நான் சொல்ல விரும்பும் சொல் மடைமாற்று.

இது என் சித்தப்பா வாயிலிருந்து வந்தது. அவருக்குத் தோவாளைச் சானல் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. ஓர் இரவு அவர் வீட்டில் மடிக்கணினியில் நாதசுரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று ஹெட்போனை மாட்டினேன், ஸ்பீக்கர் அடங்கவில்லை. “சத்தம் பழைய வழியிலேயே போகுது சித்தப்பா, இந்தா மாத்திருதேன்” என்றேன். அவர் படுத்தபடியே, “அப்போ மடையத் திருப்பி விடு மக்ளே” என்றார். அவருக்கு அது உவமைகூட இல்லை. ஓடுகிற ஒன்றை ஒரு வழியில் அடைத்து இன்னொரு வழியில் விடுவதற்கு அவரிடம் இருந்த சொல் அதுதான்.

மடை என்றால் நீர் பாயும் வாய். அந்த வாயைத் திறந்து மூடும் அடைப்புக்கும் அதே பெயர். குளத்துக்கு மடை உண்டு, வாய்க்காலுக்கு மடை உண்டு, வயல் வரப்பில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டித் திறப்பதும் மடைதான். எங்கள் தெற்கில் கொடை என்னும் கோயில் விழா நாளில் சாமிக்குப் படைப்பதையும் மடை என்போம்; கோயில் சமையற்கூடம் மடைப்பள்ளி. அவை வேறு பொருள். நமக்கு இங்கே வேண்டியது நீர்மடை. தடையில்லாமல் பேசுகிறவரை ‘மடை திறந்த வெள்ளம்’ என்கிறோம். அதாவது ஒலிக்கும் மடைக்கும் உள்ள உறவை நம் பேச்சு முன்பே கண்டுவிட்டது.

இதைவிட அழகான பொருத்தம் ஒன்று உண்டு. குமரி மாவட்டத்தில் பாசனக் கால்வாயைச் ‘சானல்’ என்போம். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் அதையொட்டிய சானல்களும் எங்கள் வயல்களின் உயிர். ஒலித்துறையிலும் அதே ‘சானல்’ இருக்கிறது: இடது சானல், வலது சானல். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான். அதன் வேர் லத்தீனில் ‘கனாலிஸ்’, அதாவது குழாய் அல்லது கால்வாய். அதற்கும் பின்னால் நாணலைக் குறிக்கும் ‘கன்னா’. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளும் இதே வழியில்தான் பெயர் வைத்தது. ஒலி வந்து சேரும் ஸ்பீக்கர், ஹெட்போன் ஆகியவற்றை அது ‘சிங்க்’ என்கிறது, தண்ணீர் வடிகிற இடம்போல. ஒலி புறப்படும் மைக் அதற்கு ‘சோர்ஸ்’, நம் ஊற்று. ஓடுகிற ஒலிக்கு ‘ஸ்ட்ரீம்’, நம் ஓடை. அதே வேலைக்கு அதற்குப் பின் வந்த பைப்வயர் மென்பொருளின் பெயரிலேயே குழாய் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிரலாளர்கள் நீரின் மொழியில் பேசும்போது, ஆயிரம் ஆண்டுகளாக மடை திறந்தும் அடைத்தும் வாழ்ந்த நாம் ‘வெளியீட்டுச் சாதனம்’ என்று எழுதிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழைய டிரான்சிஸ்டரிலும் டேப் ரெக்கார்டரிலும் இருந்தது நிஜ மடையேதான். ஹெட்போன் துளைக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். செருகியின் முனை அதைத் தள்ளியதும் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு விட்டுப்போகும். ஒலி ஹெட்போனுக்கு மட்டும் பாயும். இன்றைய மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளை பெரும்பாலும் ‘ஏதோ செருகப்பட்டிருக்கிறது’ என்று தகவல் சொல்வதோடு நின்றுவிடும். வழியை மாற்றுவது மென்பொருள். அது கவனிக்கத் தவறினால்தான் நாம் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. யூஎஸ்பி, புளூடூத் ஹெட்போன்களுக்கு அந்தத் துளையே தேவையில்லை. ஒவ்வொன்றும் தனி ஒலிக்கருவியாகப் பட்டியலில் வந்து நிற்கும். எச்டிஎம்ஐ கம்பியில் டிவியை இணைத்தாலும் அப்படித்தான். புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியாயிற்று, மடையைத் திருப்புவது நம் கையில்.

சரி, இரு கரைக்கும் பெயர் வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி நிலைத்துவிட்டது. கறாராகப் பார்த்தால் பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் மின்னலைகளை ஒலியாக மாற்றும் கருவி. ஆனாலும் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி ஊன்றிய சொல்லை அசைக்க வேண்டாம். (ஊரில் அதற்குக் குழாய் என்றே பெயர்: “கொடைக்குக் குழாய் கட்டியாச்சா?”) ஹெட்போனுக்குக் கேட்பொறி போதும். ‘தலைபேசி’ வேண்டாம், அதில் உள்ள ‘போன்’ குரல், ஒலி என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல். பேசுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘செவிப்பொறி’ என்றால் ஐம்பொறிகளில் ஒன்றான செவியையே குறித்துவிடும். ‘காதொலிக் கருவி’ செவித்திறன் குறைந்தோர் அணிவதற்கு வழங்கிவருகிறது, அதில் கைவைக்கக் கூடாது.

மடைமாற்று என்பதற்கு ஒரு தடை சொல்வார்கள். ‘நிதியை மடைமாற்றினார்கள்’, ‘பிரச்சினையை மடைமாற்றுகிறார்கள்’ என்று அரசியல் பேச்சில் அது குற்றச்சாட்டாகிவிட்டதே என்று. உண்மைதான். ஆனால் அந்தக் கறை மேடையில் ஒட்டியது, வயலில் ஒட்டியதல்ல. மேல் வயல் நிறைந்ததும் கீழ் வயலுக்குத் திருப்புவது அன்றாட வேலை, பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யும் வேலை. சொல்லை நல்ல வேலைக்குப் பயன்படுத்தினால் அந்தப் பொருளும் கூடவே நிற்கும்.

பயன்பாடு எளிது. வினையாக: ‘ஒலியைக் கேட்பொறிக்கு மடைமாற்று.’ பெயராக: மடைமாற்றம். பட்டியலின் தலைப்பாக ‘ஒலிமடை’ என்று எழுதி, அதன் கீழே ஒலிபெருக்கி, கேட்பொறி, தொலைக்காட்சி என்று வரிசையாக வைக்கலாம். விண்டோஸ் 11-இல் விண்டோஸ், கன்ட்ரோல், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இந்தப் பட்டியல் திறக்கும். அன்று இரவு எனக்கு அது தெரிந்திருந்தால் சித்தப்பா கொஞ்சம் முன்னாலேயே தூங்கியிருப்பார்.