முதுகு வழியா, உள்வழியா? அடைபட்ட சிறுநீரகத்துக்கு ஓர் அவசர வடிகால்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மச்சானுக்குக் கிட்னியில் கல். திடீரென்று குளிர்ஜுரம் வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓர் ஆஸ்பத்திரியில் முதுகில் ஓட்டை போட்டு டியூப் வைக்கணும் என்றார்கள். இன்னொன்றில், அதெல்லாம் வேண்டாம், உள்ளேயே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார்கள். யார் சொன்னது சரி?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எனக்கு உறுத்துவது இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவில் போன நேரம்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், அகலம் 3, 4 மி.மீ. அதில் கல் மாட்டிக்கொண்டால் மேலே சிறுநீர் தேங்கும், அழுத்தம் ஏறும், வலி உயிரை எடுக்கும். ஆனாலும் இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. தேங்கியதில் கிருமி புகுந்துவிட்டால் கதையே வேறு. அழுத்தம் தாங்காமல் சிறுநீர் பின்னோக்கிக் கசிந்து ரத்தத்தில் கலக்கும், கூடவே கிருமியும் போகும். உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம் அப்போதுதான் வரும். ஆன்டிபயாடிக் போட்டால் போதாதா? போதாது. மருந்து வடிகட்டப்பட்டு சிறுநீரில் இறங்கினால்தான் அந்தத் தேக்கத்துக்குள் போய்ச்சேரும். அடைபட்ட பக்கத்தில் வடிகட்டுவதே மந்தமாகியிருக்கும். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல் அடைப்போடு செப்சிஸும் (கிருமித்தொற்றால் உடம்பே நிலைகுலையும் ஆபத்தான நிலை) வந்தவர்களில் வடிகால் வைக்கப்படாதோரில் 19 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வைக்கப்பட்டோரில் 9 சதவீதம்.

இப்படிப்பட்ட நேரத்தில் "நிறையக் குடி, கல் அடித்துக்கொண்டு வந்துவிடும்" என்று வாழைத்தண்டுச் சாற்றையும் பீரையும் நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அடைப்புக்கு மேலே இன்னும் நீரைச் சேர்த்தால் அழுத்தம்தான் ஏறும்.

சரி, வடிகால். ஸ்டென்ட் முறையில் வெளியே காயமே இருக்காது. சிறுநீர் வரும் வழியாகவே கேமராவை விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடி ஒரு மெல்லிய கம்பியைக் கல்லைத் தாண்டி ஏற்றுவார்கள். அதன்மேல் 2 மி.மீ. பருமனுள்ள மென்குழாயைத் தள்ளிவிட்டுக் கம்பியை உருவினால் இரு முனைகளும் தாமாகச் சுருண்டுகொள்ளும். ஒரு சுருள் சிறுநீரகத்தில், இன்னொன்று சிறுநீர்ப்பையில், அதனால் நழுவாது. டபுள் ஜே ஸ்டென்ட் என்பது இதுதான்.

முதுகு வழியாகப் போவது நெஃப்ரோஸ்டமி. 1955இல் அமெரிக்காவில் வில்லார்ட் குட்வின் குழுவினர் இதைப் பற்றி எழுதினார்கள். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அப்படியொரு உறுப்பில் ஊசியைக் குத்தினால் ரத்தம் கொட்ட வேண்டாமா?

பெரும்பாலும் கொட்டுவதில்லை. ஏன் என்பதைத் தெளிவாக வரைந்து காட்டியவர் ஓர் ஓவியர். ஜெர்மனியில் பிறந்து, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் படங்கள் வரைந்துகொண்டிருந்த மாக்ஸ் புரோடல். சிறுநீரகத்தின் உள் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து 1901இல் அவர் எழுதினார். உள்ளே நுழையும் தமனி முன்கிளை, பின்கிளை என்று பிரிகிறது. முன்கிளைக்குப் பெரும்பகுதி, பின்கிளைக்குச் சிறுபகுதி. இரண்டும் தங்களுக்குள் கைகோத்துக்கொள்வதில்லை; அவரவர் எல்லையோடு நின்றுவிடுகின்றன. உரித்த மொச்சையின் இரண்டு பருப்புகளுக்கு நடுவே இருக்கும் கோடு மாதிரி, இந்த இரு எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் பெரிய குழாய் எதுவும் குறுக்கே ஓடாது. புரோடல் கோடு என்றே அதற்குப் பெயர்.

அந்தக் கோடு சிறுநீரகத்தின் வெளிவிளிம்பில் நட்டநடுவே இல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி இருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, கடைசி விலாவுக்குக் கீழே விலாப்புறமிருந்து சாய்வாக ஊசியை இறக்கினால் நேரே அந்த வழியாகத்தான் போகும். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளியாக நகர்ந்து, சிறுநீர் தேங்கிய கறுப்புக் குழிக்குள் விழும். உள்கம்பியை உருவியதும் கலங்கிய சிறுநீர் பீறிடும், சில சமயம் சீழாகவே. நடுவில் சிறுநீர் தேங்கியிருக்கும் பையையே நேராகக் குத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் பெரிய ரத்தக்குழாய்கள் சூழ்ந்திருக்கின்றன, சுவரும் மெல்லியது, ஒழுகும். சிறுநீரகத்தின் சதை வழியாகப் போனால் சதையே குழாயைக் கவ்விப்பிடித்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும், அவ்வளவுதான்.

இரண்டில் எது மேல்? 1998இல் வெளியான ஓர் ஆய்வு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மொத்த நோயாளிகள் 42 பேர்தான்! உயிர்போகிற கேள்விக்கு இவ்வளவு சின்ன ஆய்வு. இரண்டும் பழைய சரக்கு, எது ஜெயித்தாலும் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபமில்லை. இதற்கெல்லாம் அரசுதான் பணம் போட வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே ஆளையும் நேரத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், குப்புறப் படுக்க முடியாதவர், சிறுநீரகம் அதிகம் வீங்காதவர் என்றால் ஸ்டென்ட். மயக்கமருந்து தாங்காத அளவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தவர், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் போல ஏதாவது வெளியிலிருந்து அழுத்திச் சிறுநீர்க்குழாய் நசுங்கியவர், கெட்டியாகச் சீழ் கோத்தவர் என்றால் பெரும்பாலும் முதுகு வழி. அந்தக் குழாய் பருமனானது, அடைத்தால் வெளியிலிருந்தே கழுவிவிடலாம், எவ்வளவு வடிகிறது என்று வெளியே மாட்டிய பையைப் பார்த்தே சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு முதுகில் குழாய் வைக்கும் ரேடியாலஜி டாக்டர் இருக்கிறாரா, ஸ்டென்ட் வைக்கும் யூராலஜி டாக்டர் இருக்கிறாரா என்பதும் ஒரு காரணம்தான். முதலில் யார் கைக்கு வேலை வருகிறதோ அவர் செய்வதே நல்லது.

எந்த வழியானாலும் அன்றைக்கே கல்லை எடுக்கமாட்டார்கள். கிருமி அடங்குமுன் கல்லை உடைக்கப்போனால் பாய்ச்சும் நீரின் அழுத்தமே கிருமியை மறுபடி ரத்தத்துக்குள் தள்ளும். காய்ச்சல் தணிந்து, மருந்து முடிந்து, பிறகுதான் கல். அதற்குள் வலி போய்விடுவதால் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்புவதில்லை. ஸ்டென்ட்டைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். விட்டால் அதன்மேலேயே உப்புப் படிந்து கல்லாகும், பிறகு அதை எடுக்கத் தனி ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.