சிகாகோவின் தானியக் கிடங்குகளும் இல்லினாய் அரசியலும்

1848-இல் சிகாகோவுக்குக் கால்வாயும் ரயிலும் ஒரே ஆண்டில் வந்தன. அதுவரை, சிகாகோ இருக்கும் அமெரிக்க மாநிலமான இல்லினாயில், விவசாயியின் கோதுமை சாக்கு மூட்டையில் போனது. தூரத்துச் சந்தையில் விலைபோகும்வரை அது அவருடைய சரக்கு. வழியில் நனைந்தால் நட்டமும் அவருக்கே.

நீராவியில் ஓடும் எலிவேட்டர் கிடங்கு வந்ததும் மூட்டை தேவைப்படவில்லை. ரயில் பெட்டியிலிருந்து கொட்டும் கோதுமையை, பெல்ட்டில் வரிசையாகப் பொருத்திய வாளிகள் கட்டடத்தின் உச்சிக்கு அள்ளிக்கொண்டு போகும். அங்கே எடை போட்டு, சாய்குழாயைத் திருப்பி, வேண்டிய குதிருக்குள் இறக்குவார்கள். கப்பலுக்கு ஏற்றக் குதிரின் அடிவாயைத் திறந்தால் போதும், தானாகவே கொட்டும். ஆனால் ஒவ்வொருவர் கோதுமையையும் தனியாக வைத்தால் குதிர்கள் பாதி காலியாகக் கிடக்கும். எல்லாவற்றையும் கலந்தாக வேண்டும். கலப்பதற்கு முன் தரம் பிரித்தாக வேண்டும். சிகாகோ வணிகக் கழகம் 1856-இல் வெள்ளைக் குளிர்காலக் கோதுமை, சிவப்புக் குளிர்காலக் கோதுமை, வசந்தக் கோதுமை என்று பிரித்தது; பிறகு வகைக்குள்ளேயும் தர எண்கள் வந்தன. சரக்கைப் போட்டவருக்கு ஒரு ரசீது. அதைக் கொண்டுவருபவர் யாரானாலும் அந்தத் தரத்தில் அத்தனை புஷல் கிடைக்கும் (ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, ஏறத்தாழ 27 கிலோ). ரசீதே கைமாறும் சரக்காகிவிட்டது.

கோளாறும் இங்கேதான். ஒரு தரம் என்பது ஒரே அளவு அல்ல, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி. நல்ல 2-ஆம் தரச் சரக்கில், 2-ஆம் தரம் கெடாத அளவுக்கு 3-ஆம் தரத்தைக் கலந்தால், விவசாயிக்கு 3-ஆம் தர விலை கொடுத்து வாங்கியது 2-ஆம் தர விலைக்குப் போகும். எடையைக் குறைத்துக் காட்டலாம். இல்லாத கோதுமைக்கும் ரசீது எழுதலாம். வேறு கிடங்குக்குப் போகலாம் என்றாலும் வழியில்லை: ரயில் கம்பெனி தனக்கு வேண்டிய கிடங்கில்தான் இறக்கும். 1874-இல் சிகாகோவில் இருந்த 14 கிடங்குகளும் 9 நிறுவனங்களின் பிடியில் இருந்தன. கட்டணத்தைத் தங்களுக்குள் பேசி முடித்து, ஜனவரி தோறும் அறிவித்தன.

1870-இல் மாநிலம் தன் புதிய அரசியல் சாசனத்தில் கிடங்குகளுக்கென்றே 13-ஆம் பிரிவை எழுதியது. 1,00,000 பேருக்குக் குறையாத ஊர்களில் கிடங்குக்காரர் வாரந்தோறும் இருப்புக் கணக்கைச் சத்தியம் செய்து எழுதி ஒட்ட வேண்டும். உரியவர் சம்மதமின்றித் தரங்களைக் கலக்கக் கூடாது. அவ்வளவு பெரிய ஊர் இல்லினாயில் சிகாகோ ஒன்றுதான்! இதை விவசாயிகளின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ரசீதை நம்பிப் பணம் போட்ட சிகாகோ வணிகர்களும் முன்னின்று கேட்டார்கள். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 30 நாளுக்குப் புஷலுக்கு 2 சென்ட், பிறகு ஒவ்வொரு 15 நாளுக்கும் அரை சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது.

விவசாயிகளின் பலம் 1873-இல் தெரிந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ரயில் கட்டணச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பெழுதிய மாநிலத் தலைமை நீதிபதி சார்ல்ஸ் லாரன்சை, ஜூனில் நடந்த நீதிபதித் தேர்தலில் அவர்கள் தோற்கடித்தார்கள்.

கிடங்குச் சட்டப்படி உரிமம் எடுக்க மறுத்த மன் அண்ட் ஸ்காட் என்ற சிகாகோ கிடங்கு நிறுவனத்துக்கு 100 டாலர் அபராதம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1872-இல், அந்த நிறுவனம் திவாலானது. காலிக் குதிர்களின் மேல் பலகை அடித்து, அதன்மீது கோதுமையைப் பரப்பி, நிறைந்திருப்பதாக அவர்கள் காட்டியது அப்போது அம்பலமானது. 1877 மார்ச்சில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது: தனியார் சொத்தானாலும், பொதுநலனோடு பிணைந்துவிட்டால் அதன் கட்டணத்தை அரசு வரையறுக்கலாம்.