சேமி பொத்தான் ஏன் இடம் மாறுகிறது?

"அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் மேக். இரண்டிலும் ஒரே மென்பொருள்தான். கோப்பை மூடும்போது 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி வருகிறதே, அதில் சேமி பொத்தான் அங்கே முதலில் இருக்கிறது, இங்கே வலது ஓரத்தில் இருக்கிறது. ஒரே ஆட்கள் எழுதியதுதானே, ஏன் இப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதியவர்களின் கவனக்குறைவாக இருக்குமோ என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது.

கவனக்குறைவு இல்லை. யாரோ மிகுந்த அக்கறையோடு யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த மென்பொருளை எழுதியவருக்கே அந்தப் பொத்தான் எங்கே போய் உட்காரும் என்பது தெரியாமல் இருக்கலாம். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் திரையில் சன்னலும் பொத்தானும் வரையும் விதம் வேறு வேறு. மூன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் வேலை மூன்று மடங்கு. அதனால் நடுவில் ஒரு நிரல்தொகுப்பை வைத்துக்கொள்கிறார்கள். 'இங்கே ஒரு பொத்தான் வேண்டும்' என்று அதனிடம் சொன்னால், எந்தக் கணினியில் ஓடுகிறதோ அதற்கேற்ப அது பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒன்று க்யூட். நம்மில் பலர் தினமும் திறக்கும் விஎல்சி பிளேயரின் விண்டோஸ், லினக்ஸ் முகப்பும் டெலிகிராம் டெஸ்க்டாப்பும் அதில் எழுதப்பட்டவைதான். 1990-இல் நார்வேயில் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான தரவுத்தளம் ஒன்றை ஹாவர்ட் நோர்ட், ஐரிக் ஷாம்பே-எங் என்ற இருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து முளைத்த யோசனை 1995-இல் க்யூட்டாக வெளிவந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். க்யூட்டில் இதற்குப் பெயர் கியூமெசேஜ்பாக்ஸ். நிரலாளர் இதில் நிரப்ப வேண்டியவை கொஞ்சம்தான். என்ன நடந்தது என்று சொல்லும் முதன்மை வரி, அதன் கீழே விளக்கமாக ஒன்றிரண்டு வரி, தகவலா எச்சரிக்கையா கேள்வியா என்று காட்டும் படம். நீளமான தொழில்நுட்ப விவரம் இருந்தால் அதைத் தனியே கொடுக்கலாம். 'விவரம் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னால் அது மறைந்துகொள்ளும். இவையெல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

பொத்தான்கள்தான் விஷயமே. நமக்கு மூன்று பொத்தான்கள் வேண்டும்: சேமி, சேமிக்காதே, ரத்து. க்யூட்டின் பெயர்களில் சேவ், டிஸ்கார்ட், கேன்சல். இந்தப் பெயர் ஒவ்வொன்றும் உள்ளே ஓர் எண். சேவ் என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு, அதாவது 2,048. கேன்சல் 22-ஆம் அடுக்கு, 41,94,304. டிஸ்கார்ட் 23-ஆம் அடுக்கு, 83,88,608. மூன்றும் வேண்டும் என்றால் மூன்றையும் சேர்த்து 1,25,84,960 என்ற ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறோம். பள்ளியில் படித்த இருமக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு தனி பிட் என்பதால், அந்த எண்ணைப் பார்த்தாலே எந்தெந்தப் பொத்தான்கள் கேட்கப்பட்டிருக்கின்றன என்று பிரித்துவிடலாம். வேறு எந்தச் சேர்க்கையும் இதே எண்ணைத் தராது.

இதில் என்னை மயக்கிய விஷயம் ஒன்று உண்டு. 'சேவ், டிஸ்கார்ட், கேன்சல்' என்று எழுதினாலும், 'கேன்சல், சேவ், டிஸ்கார்ட்' என்று எழுதினாலும் கூட்டினால் வருவது அதே எண். நிரலாளர் எழுதிய வரிசை அந்தக் கூட்டலிலேயே கரைந்துபோகிறது! வரிசையைச் சொல்ல அவர் ஆசைப்பட்டாலும் இந்த வழியில் சொல்ல முடியாது. எவை வேண்டும் என்பது மட்டுமே பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

அப்புறம் எங்கே வைப்பது? அதற்குத்தான் 'ரோல்' இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பொறுப்பு. சேவ் ஏற்பது. கேன்சல் மறுப்பது. டிஸ்கார்ட் அழிப்பது. உதவி, ஆம், இல்லை என்று இன்னும் சில பொறுப்புகள். க்யூட்டுக்குள்ளே ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. விண்டோஸுக்கு ஒரு வரி, மேக்குக்கு ஒரு வரி, லினக்ஸில் திரையின் தோற்றத்தைக் கவனிக்கும் கேடிஇ, க்னோம் என்ற மேசைச் சூழல்களுக்கு ஆளுக்கொரு வரி. ஒவ்வொரு வரியும் இடமிருந்து வலமாகப் பொறுப்புகளின் பட்டியல், அவ்வளவுதான். பெட்டி திரைக்கு வரும் முன் க்யூட் தனக்குரிய வரியை முதலிலிருந்து படித்துக்கொண்டே போகிறது. 'ஏற்பவர் யாராவது உண்டா? வாருங்கள், உட்காருங்கள். அழிப்பவர்?' என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

விண்டோஸ் வரியில் ஏற்பவர், அழிப்பவர், மறுப்பவர் என்ற வரிசை. எனவே சேமி, சேமிக்காதே, ரத்து. மேக் வரியில் அழிப்பவர், மறுப்பவர், ஏற்பவர். எனவே சேமி வலது ஓரத்துக்குப் போகிறது. உதவிப் பொத்தான் விண்டோஸில் கடைசியில் வரும், மேக்கில் இடது ஓரத்தில் ஒதுங்கும். பட்டியலின் நடுவே 'இங்கே இடம் விடு' என்று ஒரு குறியும் உண்டு. அது ஸ்பிரிங் போல விரிந்து, தனக்குப் பின்னால் வருபவர்களை வலப்பக்கம் தள்ளிவிடும். ஏற்பவர்கள் இரண்டு பேர் வந்துவிட்டால்? 'சேமி', 'எல்லாவற்றையும் சேமி' என்று இரண்டு பொத்தான்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்குத்தான் தலைமை இருக்கை. மற்றவருக்கு மாற்று ஏற்பவர் என்று பட்டியலில் வேறோர் இடம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறார்கள்.

பந்தியில் பரிமாறுவது போலத்தான் இது. சமையல்காரருக்கு என்னென்ன பதார்த்தம் என்று சொன்னால் போதும். இலையில் உப்பு எங்கே, கூட்டு எங்கே, இனிப்பு எங்கே என்பது அந்த ஊர் வழக்கம் தெரிந்த பரிமாறுபவரின் வேலை.

வாசகியின் சங்கடம் எனக்குப் புரிகிறது. இரண்டு கணினிகளுக்கு நடுவே அலைபவருக்குக் கை தடுமாறத்தான் செய்யும். ஆனால் ஒரே கணினியில் பத்து மென்பொருள்களைத் திறந்து வைத்திருப்பவர்கள்தான் மிக அதிகம். அந்தப் பத்தும் ஒரே இடத்தில் சேமி பொத்தானை வைப்பதுதான் அவர்களுக்கு நல்லது. க்யூட் அவர்கள் பக்கம் நின்றது சரி என்றே நினைக்கிறேன்.

இடத்தைப் பார்த்தாகிவிட்டது, விசைகள் பாக்கி. என்டர் தட்டினால் எந்தப் பொத்தான், எஸ்கேப் தட்டினால் எந்தப் பொத்தான் என்பதையும் நிரலாளர் சொல்லலாம். சொல்லாவிட்டால் பொறுப்பை வைத்துப் பெட்டியே ஊகிக்கும். ஒரே ஒரு பொத்தான்தான் என்றால் எஸ்கேப்புக்கு அதுதான். கேன்சல் இருந்தால் கேன்சல். இல்லையென்றால், மறுப்பவர் அல்லது 'இல்லை' என்பவர் ஒரே ஒருவர் இருந்தால் அவர். எதுவுமே பொருந்தாவிட்டால் எஸ்கேப்பைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. தவறாக ஊகித்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

என்டர் விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேலைக்காக ஒரு சரக்குப் பட்டியலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஏறக்குறைய 200 வரிகள், பிற்பகல் முழுவதும் தட்டச்சு. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர். நடுவில் கை ஏதோ விசையில் பட்டு, 'பட்டியலை அழிக்கவா?' என்று ஒரு பெட்டி வந்தது. அடுத்த வரியின் என்டர் அதற்குப் பதிலாகப் போய்விட்டது. அந்தப் பெட்டியில் என்டருக்கு உரிய பொத்தான் 'அழி'. திரை வெறுமையானது. 'நீங்கள் படித்துப் பார்த்து அழுத்தியிருக்க வேண்டும்' என்றார்கள். க்யூட்டில் அதைத் தடுக்க ஒரே வரி போதும்: என்டருக்கு உரியது ரத்து என்று குறித்துவிட்டால் முடிந்தது. அழிக்கும் எந்தப் பெட்டியிலும் இதைச் செய்யாமல் விடுவது தவறு என்பேன். பொத்தானில் ஓகே என்று எழுதுவதைவிட 'பட்டியலை அழி' என்று வினையையே எழுதுவதும் நல்லது. அழிப்பவர் என்ற பொறுப்பைச் சேர்த்துக் கொடுத்தால், நம் சொந்தச் சொற்களோடு வரும் பொத்தானும் அட்டவணைப்படியே உட்காரும்.

பயனர் படிப்பதில்லை, அதனால் தவறு அவருடையது என்ற எண்ணம் எனக்கு ஒரு மூடநம்பிக்கையாகவே தோன்றுகிறது. 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவை உருவாக்கும்போது, ஓகே இருக்க வேண்டிய இடத்தில் 'டூ இட்', அதாவது 'செய்' என்று எழுதியிருந்தார்கள். சாதாரண ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அதை அழுத்தவே தயங்கினார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ' சின்ன 'எல்' போலத் தெரிய, அவர்கள் அதை 'டோல்ட்' என்று, மடையன் என்ற பொருளில், படித்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது, ஓகே என்று மாற்றினார்கள். நம் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் வாங்கும்போது, அதைப் பயன்படுத்தப்போகும் பத்துப் பேரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகி இதை நேரில் பார்க்க விரும்பினால் இரண்டு கணினிகள்கூட வேண்டாம். கேடிஇ, க்னோம் இரண்டும் உள்ள ஒரு லினக்ஸ் கணினி போதும். பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்து க்யூட்டைப் பயன்படுத்த உதவும் பைசைட் தொகுப்பை நிறுவி, இந்த மூன்று பொத்தான்களோடு ஒரு பெட்டியைத் திறக்கப் பத்து வரி நிரல் எழுதுங்கள். கேடிஇயில் ஓட்டினால் சேமி முதலில் வரும். வெளியேறி, க்னோமுக்குள் நுழைந்து அதே கோப்பை, ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டுங்கள். சேமி வலது ஓரத்துக்குப் போயிருக்கும்.