குதிகாலை உயர்த்துவதும் மூச்சை நெறிப்படுத்துவதும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள்களைக் கோக்கும் பெண்கள் மணிக்கணக்கில் நின்றபடி வேலை செய்கிறார்கள். ராயக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கும் பெண்களோ குனிந்தபடி. இரண்டு வேலையிலும் உடல் அலுத்துப்போகிறதே தவிர, அது முழுமையான உடற்பயிற்சி ஆகிவிடுவதில்லை. சில தசைகள் ஒரே நிலையில் இறுகிக் கிடக்க, மற்றவை போதிய வேலையின்றித் தளர்கின்றன. பாலே என்னும் மேலைநாட்டு நடனத்தின் அடிப்படை அசைவுகளையும், மூச்சோடு இசைந்து நடுவுடலை உறுதிப்படுத்தும் பிலாட்டிஸ் பயிற்சியையும் இணைக்கும் முறை இந்த ஏற்றத்தாழ்வைத்தான் சரிசெய்ய முயல்கிறது.

இவ்விரண்டின் உறவு பழையது. 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ்தான் பிலாட்டிஸ் பயிற்சியை உருவாக்கியவர்; அவர் 1920களில் நியூயார்க்கில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தை நடனக் கலைஞர்கள் பலர் நாடினர்.

பாலேயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது முதற்பாடங்களுள் ஒன்று. வீட்டில் ஜன்னல் கம்பியே போதும். குதிகால் உயரும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, காலில் தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது; சிரைகளிலுள்ள வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவர்களுக்குக் கால் கனத்து வீங்குவது இந்த இயக்கம் நடைபெறாததால்தான். முன்பாதத்தில் மட்டும் நிற்கும்போது தாங்குதளம் குறுகுவதால், கணுக்காலின் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், கண்கள், உட்செவி ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை இடைவிடாமல் ஒப்பிட்டு உடலை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. சமநிலை வளர்வது இப்படித்தான். முழங்காலை மடக்கித் தாழும் அசைவில் தொடையின் முன்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. ஆனால் பாதங்களை வெளிப்புறம் திருப்பும் அளவை இடுப்பு மூட்டே முடிவுசெய்ய வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முறுக்கம் முழங்காலில் விழும்.

பிலாட்டிஸ் நடுவுடலைக் கவனிக்கிறது. அடிவயிற்றை ஒட்டியாணம்போல் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை, நலமான உடலில், கையை உயர்த்துவதற்குச் சற்று முன்பே சுருங்கி முதுகெலும்பை நிலைப்படுத்துகிறது. மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம், கீழே இடுப்புக்கூட்டின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகியவையும் அதனுடன் இணைந்து இயங்குவதால், மூச்சை வெளிவிட்டபடி அசைவதற்கு இங்கே அத்தனை முக்கியத்துவம். மகப்பேற்றில் இடுப்புத்தளம் தளர்ந்த பெண்களுக்குப் பிலாட்டிஸ் பயிற்சி, என் கணிப்பில், பாலேயைவிடப் பயனுள்ளது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. நடுவுடல் உறுதிப்பட்ட பிறகு ஒற்றைக்காலில் நின்றால் இடுப்பு ஒருபக்கம் சரிவது குறைகிறது என்பதே இணைப்பின் பலன்.

இம்முறையால் எல்லாம் கிடைத்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மெதுவான அசைவுகள் இதயத்துடிப்பைப் பெரிதாக உயர்த்துவதில்லை. உலக சுகாதார நிறுவனமோ பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயும் பெண்களுக்கு, எலும்பைத் தூண்டும் அளவுக்கு எடை தூக்குவதும் தேவை. வேக நடையோ, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையேற்றமோ வாரத்தில் சில நாள் சேர்ந்தால் இதயத்துக்கான பங்கு ஈடாகும். எலும்புக்கான எடைப் பயிற்சியைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.